அப்பாவின் பட்டறையில் தொலைந்த நெல்லு

போன மாதம் எங்கள் வீட்டில் மருமகளின் தோட்டுத் திருகாணி ஒன்று தொலைந்துபோனது. காலையில் குளித்துவிட்டு வந்தபோது தோடு காதில் தொங்கிக்கொண்டிருந்தது, பின்னால் திருகைக் காணோம். கட்டிலை நகர்த்தினார்கள், பாய்களை உதறினார்கள். அரை மணி நேரம் கழித்து, யாரும் யார் பெயரையும் சொல்லாமலே, பேச்சு மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. "ஏழு மணிக்கு அந்த அம்மா வந்து இந்த ரூமைக் கூட்டினாங்களே..." என்று ஒரு குரல். வேலைக்கு வரும் அந்த அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, "முதல்ல எல்லாரும் அவங்கவங்க மேல தேடுங்க. அப்புறம் தரையைப் பார்க்கலாம், அப்புறம் பேசலாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பேத்தி, "ஏன் தாத்தா கோபப்படறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் அப்பா துப்பாக்கி பழுதுபார்ப்பவர். இப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் பட்டறை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, அதைப் பழுதுபார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். எந்தத் துப்பாக்கி யாருடையது, அதன் எண் என்ன, எந்தத் தேதியில் வந்தது, எப்போது திரும்பிப் போனது என்று எல்லாம் ஒரு நீளமான பதிவேட்டில் இருக்கும். அந்த நோட்டைத் தொடுவதற்கு அம்மாவுக்குக்கூட அனுமதி கிடையாது.

வந்தவை பெரும்பாலும் 12 போர் துப்பாக்கிகள். 12 என்றால் என்னவென்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை சரியாகப் போகிற அளவுள்ள குழல், அதுதான் 12 போர் என்றார். குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்காரர்கள் இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளைத் துணி உறையில் போட்டுக் கொண்டுவருவார்கள். காரமடைப் பக்கத்து விவசாயிகள், காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த ஒற்றைக் குழலையோ, முன்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியையோ கொண்டுவருவார்கள். பாங்க் காவலாளியின் துப்பாக்கியும் எப்போதாவது வரும்.

துப்பாக்கி என்றால் நீளமான குழலும் கட்டையும்தான் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் பிழைப்பு முழுக்க அதற்குள்ளே இருந்த பொடிச் சாமான்களில்தான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் போல இருக்கும். வெளியே தெரிகிற குதிரையை இயக்கும் துண்டு, அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, V வடிவத்தில் மடித்த பெரிய ஸ்பிரிங், அதைவிடச் சின்ன ஸ்பிரிங், நாலைந்து ஸ்க்ரூ. பெரிய ஸ்பிரிங்கின் நுனியையும் குதிரைத் துண்டையும் இணைக்க இடையில் ஒரு குட்டி இணைப்பு இருக்கும். இங்கிலீஷில் ஸ்விவல் என்பார்கள். அப்பா அதற்கு வைத்த பெயர் 'நெல்லு'. அளவும் ஏறக்குறைய நெல்மணி அளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் பலம் குதிரைக்குப் போய்ச் சேராது. ஆயிரக்கணக்கில் விலை போகிற துப்பாக்கி வெறும் ஊன்றுகோல்தான்.

தொலைந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு சாமானும் கையால் அராவி அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தியது. ஒன்றின் ஸ்க்ரூ இன்னொன்றில் ஏறாது. ஒரே துப்பாக்கியில் இடது பக்கத்து ஸ்க்ரூ வலது பக்கத்தில் சரியாக உட்காராது. அதனால் அப்பாவிடம் இருபது முப்பது திருப்புளிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முனையும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் வெட்டுக்குத் தகுந்தபடி சாணை பிடித்தது.

இப்படிப்பட்ட இடத்தில் சாமான் விழுந்தால் தேடுவதற்கு அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. விழுந்த கணமே அவர் கையைத் தூக்குவார். பட்டறையில் எல்லோரும் சிலையாக நிற்க வேண்டும். காலடியில் இருப்பதை நாமே மிதித்துச் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அப்புறம் சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடிப்பார். எங்கள் வீட்டுச் சிவப்புக் காவித் தரையில் சாமான் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் நிழல் நீளமாகத் தெரியும். அதிலும் கிடைக்காவிட்டால், அதே எடையில் வேறொரு துண்டை அதே இடத்திலிருந்து வேண்டுமென்றே தவறவிட்டு, அது எங்கே துள்ளிப் போகிறது என்று பார்ப்பார். பாதி நேரம் இரண்டும் ஒரே மூலையில் கிடக்கும். அதற்கும் மேலே போனால் லாடக் காந்தம். காகிதத்தில் சுற்றித் தரை முழுக்க இழுப்பார்.

கடைசி முறை அம்மா. பட்டறைக் குப்பையை அவர் தெருவில் கொட்டவே மாட்டார். கடலை எண்ணெய் டின் ஒன்றில் சேர்த்து வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் முறத்தில் போட்டுப் புடைப்பார். பொற்கொல்லர் பட்டறைக் கூட்டுமண்ணைக் காசு கொடுத்து வாங்கிப்போய் அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் உண்டு அல்லவா, அதுபோல எங்கள் வீட்டில் இரும்பு. தூசி முன்னால் பறக்கும், கனமானது பின்னால் தங்கும். "உங்க ஸ்க்ரூ ரெண்டு, எங்க கடுகு நாலு" என்று சிரித்துக்கொண்டே அப்பாவிடம் கொடுப்பார்.

1968ஆம் வருடம் கோடை விடுமுறை. எனக்கு வயது பன்னிரண்டு. அப்பாவிடம் ஒருவர் வேலை கற்றுக்கொண்டிருந்தார். பதினேழு வயது இருக்கும். நான் அவரைப் பட்டறை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல கை அவருக்கு. அரம் பிடித்தால் மேலே வைத்த சில்லறைக் காசுகூட ஆடாது என்று அப்பாவே வந்தவர்களிடம் சொல்வார். ஆனால் அவர் எதிரில் சொல்ல மாட்டார்.

அன்று ஓர் எஸ்டேட்காரரின் இரட்டைக் குழல் துப்பாக்கி. காலையில் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் இடது பக்கப் பூட்டைப் பிரித்தார். ஸ்பிரிங்கைக் கிடுக்கியில் அமுக்கி எடுத்து, ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் தட்டில் வரிசையாக வைத்தார். அப்பா பதிவேட்டை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அண்ணன் அம்மாவுக்காகத் தண்ணீர் இறைக்கப் பின்பக்கம் போனார்.

நான் பட்டறைக்குள் நுழைந்தேன். தட்டுக்கு ஒட்டினாற்போல லாடக் காந்தம் கிடந்தது. எடுத்துக்கொண்டு பவானி ஆற்றுக்கு ஓடினேன். கோடையில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி மணல் காய்ந்து கிடக்கும். காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்பாக இரும்பு மணல் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். அந்த வயதுப் பையன்கள் எல்லோரும் விளையாடியதுதான். நண்பர்களோடு மதியம் வரை ஆடினேன். வீட்டுக்கு வந்து, ஒட்டியிருந்த கறுப்பு மணலை வழித்து ஒரு தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டேன். காந்தத்தைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். யாருக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அப்பா பூட்டை மாட்ட உட்கார்ந்தார். தட்டில் நெல்லு இல்லை.

கதவு சாத்தியாயிற்று, டார்ச் வந்தது, காந்தம் வந்தது. ஆமாம், அதே காந்தம்தான். அம்மா டின்னைக் கொட்டி இரண்டு முறை புடைத்தார். இருட்டும் வரை தேடினோம். நானும் முட்டி போட்டுத் தேடினேன். நான் எடுத்தது காந்தம், தொலைந்தது நெல்லு. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. காந்தம் எடுத்ததைச் சொன்னால் அடி விழும் என்பது மட்டும் தோன்றியது.

சாமான் துடைத்த பழந்துணியை அண்ணன் அடுப்பில் போட்டிருந்தார். அதோடு நெல்லும் போயிருக்க வேண்டும் என்று அப்பா முடிவு கட்டினார்.

"இல்லீங்க ஐயா. எண்ணித்தான் வெச்சேனுங்க. ஒம்பது உருப்படி."

"எண்ணி வெச்சா எங்கடா போகும்?"

"தெரியலீங்க ஐயா. ஆனா நான் தொலைக்கலீங்க."

"தொலைச்சதைக்கூடப் பொறுத்துக்குவேன். பொய் சொல்றவன் எனக்கு வேண்டாம்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தரையைக் கூட்டி, திருப்புளிகளை வரிசையாக மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவர் சோறு கொண்டுவரும் தூக்குப்போசி எங்கள் ஜன்னலிலேயே இருந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து வைத்தார்.

அப்பா இரண்டு ராத்திரி உட்கார்ந்து எஃகுத் துண்டில் புதிதாக ஒரு நெல்லு அராவினார். அராவுவார், பொருத்திப் பார்ப்பார், மறுபடி அராவுவார். மூன்றாம் நாள் பூட்டு 'டக்' என்று சரியாக விழுந்தது. துப்பாக்கி மலையேறிப் போனது. கோயம்புத்தூரில் ஏதோ பட்டறையில் அண்ணன் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. "நல்லா இருக்கட்டும்" என்றார் அப்பா. அந்தக் குரலில் ஆசீர்வாதம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இருபது நாள் கழித்து ஒரு மழை நாளில் தீப்பெட்டியைத் திறந்தேன். காகிதத்தின் மேலே கறுப்பு மணலைக் கொட்டி, அடியில் அப்பாவின் காந்தத்தை நகர்த்தினால் மணல் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நிற்கும். அதைப் பார்ப்பதற்காகத்தான். மணல் சிலிர்த்து நின்றது. அதன் நடுவில் பெரிதாக ஒன்றும் எழுந்து நின்றது. நெல்லு.

வயிற்றுக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது. நான் காந்தத்தை எடுத்தபோதே தட்டிலிருந்து அது அடியில் ஒட்டிக்கொண்டு என்னோடு ஆற்றுக்கு வந்து, மணலோடு மணலாகத் தீப்பெட்டிக்குள் போயிருக்கிறது. காந்தத்தால் வீடு முழுக்கத் தேடினோம். எடுத்துக்கொண்டு போனதே அந்தக் காந்தம்தான்.

அன்று ராத்திரி நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் தூங்கியபின் அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் வைஸ் மேசையின் காலடியில் போட்டுவிட்டு வந்து படுத்தேன். அப்பாவே கண்டெடுத்துக்கொள்ளட்டும், நான் தப்பித்தேன் என்று கணக்கு.

காலையில் அப்பா கண்டெடுத்தார். "கிடைச்சிருச்சு" என்று அம்மாவை உரக்கக் கூப்பிட்டார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினார். நெல்லின் முனைப் பிளவுக்குள் இரண்டு மூன்று கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்து மணல் பட்டறைக்குள்ள எப்படி வந்துச்சு, கண்ணு?"

இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினார். அன்று முழுக்க அது திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினார். அம்மா அந்தத் தூக்குப்போசி நிறைய முறுக்கு சுட்டு வைத்துக் கொடுத்திருந்தார். காரமடை போயிற்று, பெரியநாயக்கன்பாளையம் போயிற்று, துடியலூர் போயிற்று. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மடியில் போசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பம்ப் சாமான் கடைசல் வேலை. ஞாயிறும் வேலை நடந்தது. கையெல்லாம் எண்ணெயோடு வெளியே வந்தவர், அப்பாவைப் பார்த்ததும் பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்பா சொன்னார்: "சாமான் கிடைச்சிருச்சுப்பா. நீ எண்ணி வெச்சது சரிதான். நான் சொன்னதுதான் தப்பு."

எனக்கு முன்பு அவர் யாரிடமும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. நாற்பத்தைந்து வயது மனிதர், பதினேழு வயதுப் பையனிடம், தெருவில் நின்றுகொண்டு. நான் போசியை நீட்டி, "நான்தாண்ணா. காந்தத்துல ஒட்டிக்கிட்டு வந்துருச்சு" என்றேன்.

அண்ணன் முதலில் சிரித்துவிட்டார். "காந்தத்துலயா? அட, அதைத் திருப்பிப் பார்க்கலையே நாம!" என்று தொழில்காரராகத்தான் பேசினார். பிறகு சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாமான் கிடைக்காட்டியும் நீங்க நம்பியிருக்கோணுமுங்க ஐயா."

அப்பா, "ஆமாப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வேறென்ன இருக்கிறது?

திரும்ப வரச் சொல்லிக் கேட்டார். அண்ணன் வரவில்லை. அங்கே கூலியும் அதிகம், லேத் தொழிலுக்கு வருங்காலமும் இருந்தது. பார்க்கப்போனால் அதுவே அவருக்கு நல்லதாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. எஸ்டேட் துப்பாக்கிகள் வருவது ஒவ்வொன்றாகக் குறைந்தது. அப்பா கடைசிக் காலத்தில் தையல் மெஷின்தான் அதிகம் பழுதுபார்த்தார். அண்ணன் சொந்தமாக இரண்டு லேத் போட்டார். ஆனாலும் நன்றாக முடிந்ததால் நாங்கள் செய்தது சரியாகிவிடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு தடவை பேசினார். "காந்தம் எடுத்தது விளையாட்டு. அதை ராத்திரி கொண்டாந்து போட்டதுதான் தப்பு, கண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, "என்ற தப்பு அதைவிடப் பெருசு" என்றார்.

அதற்குப் பிறகு பட்டறையில் தேடும் முறை மாறியது. ஏதாவது விழுந்தால் அப்பா கையைத் தூக்குவார், எல்லோரும் நிற்போம், அதுவரை பழையபடிதான். ஆனால் அடுத்து அவர் தன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். வேட்டி மடிப்பை உதறுவார். செருப்பைக் கழற்றி அடிப்பக்கம் பார்ப்பார். உள்ளங்கையைத் திருப்புவார். காந்தத்தைத் திருப்புவார். வேலைக்காரர்கள், நான், வந்து உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் எல்லோர் எதிரிலும் முதலில் தன் மேல் தேடி முடித்த பிறகுதான் டார்ச்சை எடுப்பார். நம்ப மாட்டீர்கள், சாமான் பல நாள் அவர் மடிப்பிலிருந்தே விழுந்திருக்கிறது.

அப்பா காலமானபோது அண்ணன் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. சடங்கெல்லாம் முடிந்தபின் பட்டறை மேசையைத் தடவிக்கொண்டு நின்றார். இழுப்பறையில் ஒரு மருந்து டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அப்பா பத்திரப்படுத்தியிருந்த அந்த நெல்லை எடுத்துக் காட்டினேன். அந்தத் துப்பாக்கி மறுபடி பழுதுக்கு வந்தால் உடையவரிடம் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார், அது வரவேயில்லை. அண்ணன் விரல் நுனியில் வைத்துப் பார்த்து, "இத்துனூண்டா இருந்துச்சு, தம்பி?" என்று கேட்டார். பிரித்துக் கழுவி வைத்தவர் அவர்தான். இருந்தும் கேட்டார்.

லைசென்ஸை ஒப்படைத்தோம். பதிவேட்டை ஒப்படைத்தோம். மேசையும் திருப்புளிகளும் என்னிடம் இருக்கின்றன. டப்பாவும் இருக்கிறது.

திருகாணி என்னாயிற்று என்று கேட்பீர்கள். என் சத்தத்துக்குப் பயந்து எல்லோரும் உதறினார்கள். மருமகள் தலையில் சுற்றியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்தாள். துண்டின் நூலில் சிக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பின்கட்டிலிருந்து அந்த அம்மா, "என்னங்கய்யா, கிடைச்சிருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தபடி வந்தார். என்ன தொலைந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.